‘ஊர்’ என்று ஒரு கட்டம்

மலையகத்தில் யாரையாவது பிடித்து, உங்கள் பூர்வீகம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர், கூலி ஆட்களைக் கூட்டி வந்த பெரிய கங்காணியின் பேரன் என்பார். இன்னொருவர் பாண்டிய ராஜா வரைக்கும் போவார். இத்தனை கங்காணிகளும் ராஜாக்களும் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்திருந்தால் கொழுந்து பறித்தது யார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எங்கள் வீட்டிலும் அந்த வியாதி இருந்தது. கொண்டுவந்தவன் என் அண்ணன்.

நாங்கள் ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்தவர்கள். நான் அங்கேயே பள்ளிக்கூடத்தில் டீச்சர். அண்ணன் கொழும்பில் கடை வைத்திருக்கிறான். தோட்டத்து ஆபீசில் பழைய புத்தகங்களை வெளியே அள்ளிப் போட்ட சமயம், ஆட்களைப் பதிந்த புத்தகம் ஒன்றில் அப்பாவின் தாத்தா பெயரைக் கண்டு, அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்துவிட்டான். எல்லாம் ஆங்கிலத்தில், கிளாக்கர் கையெழுத்து. ‘ஊர்’ என்ற கட்டத்தில் நீளமாக ஒன்று எழுதியிருந்தது. அண்ணன் அதைத் ‘தேரியலிங்கா’ என்று வாசித்தான். அதே பக்கத்தில் இன்னும் ஐந்து பேருக்கும் அதே ஊர்.

“பாத்தியா, ஒரு ஊரே நம்ம தாத்தா பின்னால கெளம்பி வந்திருக்கு!” என்றான்.

அன்றைக்கே தாத்தாவுக்கு மீசை முளைத்துவிட்டது. அடுத்த வாரம் குதிரையும் வருமா என்று கேட்டேன். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

அந்தப் பெயரில் இந்தியாவில் ஊரே கிடையாது. வரைபடத்தில் நானும் நாலு மாதம் தேடினேன். மூளை உள்ளவன் அந்த இடத்தில் நின்று யோசிப்பான். அண்ணனோ, தமிழ்நாட்டுக்குக் கோயில் யாத்திரை போன இடத்தில், செம்மண் தேரிக்காட்டுக்குள் ஒரு லிங்கத்தைக் கண்டுபிடித்துவிட்டான். தேரி, லிங்கம், கணக்கு சரியாகிவிட்டது. பக்கத்தில் ஆடு மேய்த்தவரிடம் விசாரித்தானாம். அவரும் “இருக்கும்ங்க” என்றாராம். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டு, அங்கிருந்த மண்ணை ஐஸ்கிரீம் டப்பாவில் அடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான்.

சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அப்பா அதை நம்பினார். எண்பதை நெருங்கும் அவர் கண்டி ஆஸ்பத்திரியைத் தாண்டி எங்கும் போனதில்லை. சின்ன வயதிலிருந்து யார் யாரோ அவரிடம் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார்கள். தோட்டம் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவரைக்கூட அவர் மறக்கவில்லை. டப்பாவைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பாஸ்போர்ட் எடுத்தார்.

“ஒரு தரம் அங்க போயி, எங்க தாத்தா பேரச் சொல்லி ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துட்டாப் போதும்மா” என்றார்.

பயணத்துக்கு நாள் பார்க்கும் முன் ஊர்ப் பெயரையாவது உறுதி செய்துகொள்ளலாம் என்று, எங்கள் பள்ளியில் ஆங்கிலம் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து சேரிடம் படத்தைக் காட்டினேன். எழுத்தெழுத்தாக வாசித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

“டீச்சர், இது ஊரில்லை. நாங்கள் ‘தெரியாது’ எண்டு சொல்லுவம். உங்கட ஆக்கள் என்னெண்டு சொல்லுறவை?”

“தெரியலீங்க” என்றேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார்கள். ஆறு பேரும் தெரியலீங்க என்றிருக்கிறார்கள். பேனா பிடித்த அந்த மேதாவி ஆறு தடவையும் அதை ஊராக்கி, கட்டத்துக்கு வெளியே போகாமல் அழகாக எழுதிவைத்திருக்கிறார். அவரை மட்டும் சொல்லி என்ன? வகுப்பில் தினமும் பத்துத் தடவை அந்தச் சொல்லைக் கேட்கிற நான் அதை வரைபடத்தில் தேடியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. சேர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது அதைவிட எரிச்சலாக இருந்தது.

அண்ணனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். “அப்பாகிட்ட சொல்லிடாத. பாஸ்போர்ட்டும் வந்திருச்சி. போயி கும்பிட்டுட்டுத்தான் வரட்டுமே” என்றான். யாரோ ஒருவருடைய காட்டில் என் அப்பாவை விழுந்து கும்பிட வைப்பதாம். இதற்குப் பெயர் பாசமாம். அன்று சாயந்தரமே அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. “தெரியலீங்க” என்று மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு, “வயசு போட்டிருக்கா?” என்று கேட்டார்.

ஊர்க் கட்டத்தையே முறைத்துக்கொண்டிருந்த நாங்கள் யாரும் அதைப் பார்த்திருக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கினேன். ஒன்பது.

அப்பா போனை வாங்கி, அந்த எண்ணைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ஒம்பது வயசுப் புள்ள” என்றார். “இன்னொரு தரம் கேட்டிருக்கக் கூடாதா? ஆத்தா பேரு என்னா, வூட்டுக்குப் பக்கத்துல என்னா இருந்துச்சின்னு கேட்டிருந்தா சொல்லியிருக்குமேம்மா.”