ஒன்பது வயதில் பெரிய பெண்

ஒன்பது வயதிலேயே நான் அம்மாவின் தோளைத் தாண்டி வளர்ந்திருந்தேன். அதே வருடம் வயதுக்கும் வந்துவிட்டேன். ஜோகூரில், செடெனாக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். பள்ளிக்கூடக் கொட்டகையில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தபோது பாவாடை நனைந்தது. எங்கோ அடிபட்டுவிட்டது என்று நினைத்து அழுதேன்.

சடங்கு முடிந்து சிலேட்டோடு திரும்பிப் போனபோது, வாத்தியார் வாசலிலேயே வழிமறித்தார்.

"இனிமே நீ வரக்கூடாது. பெரிய பொண்ணு ஆயிட்ட."

ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்த அம்மா, கைகூடக் கழுவாமல் என்னை இழுத்துக்கொண்டு அவரிடம் போனாள்.

"ஒம்பது வயசுங்க வாத்தியாரே. இங்க பாருங்க," என்று என் வாயைத் திறந்து காட்டினாள். கடைவாயில் ஒரு பால்பல் ஆடிக்கொண்டிருந்தது. "பால்பல்லே இன்னும் விழல. இவளா பெரிய பொண்ணு?"

"பல்ல பாத்தா வயசு சொல்றது? ஆள பாரும்மா," என்றார். வகுப்பே சிரித்தது. என்னோடு கல்லாங்காய் ஆடிய பிள்ளைகளும் சிரித்தார்கள்.

மறுவாரம், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். "பள்ளிக்கூடந்தான் இல்லையே. இந்த ஒசரத்த வச்சிக்கிட்டு வீட்ல என்னா செய்யறா? பெரியாளுங்களோட புல்லு வெட்ட அனுப்பு."

"இவ சின்னப் புள்ளைங்க, ஐயா."

"அப்ப நீயும் வேற தோட்டம் பாத்துக்க."

மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியோடு நிரையில் நின்றேன். முதுகு ஒடிந்தது. வயிறு வலித்தால் உட்காரவும் விடமாட்டார்கள். அந்தப் பால்பல் மூன்றாம் நாள், பழைய சோறு தின்னும்போது புல்வெட்டுக் காட்டில் விழுந்தது.

பதினொரு வயதில் என் வளர்த்தி நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. கூடப் படித்தவர்கள் ஒவ்வொருத்தியாக என்னைத் தாண்டிப் போனார்கள். பல வருடம் கழித்து ஜோகூர் பாரு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் மிஸ்ஸி சொன்னாள்: "சீக்கிரமா வளர்ற புள்ளைங்க சில பேரு சீக்கிரமே நின்னுடுவாங்க. அது ஒடம்போட வாகு."

உடம்பின் மேல் எனக்குக் கோபமில்லை. அதைப் பார்த்துவிட்டு என் வயதைத் தூக்கி எறிந்தார்களே, அவர்கள் மேல்தான் கோபம். இன்றும் அது ஆறவில்லை.

கல்யாணமாகிக் கூலாய் டவுனுக்கு வந்த பிறகு, சந்தையில் ஒருநாள் வாத்தியாரைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. நானே போய் எதிரில் நின்றேன்.

"யாரும்மா நீ?"

"மூணாங்கிளாஸ் பாதியில நீங்க வெளிய அனுப்புன பொண்ணு."

"அப்ப வழக்கம் அப்படிம்மா."

"வழக்கம் வந்து என்னைய நிறுத்தலீங்க. வாசல்ல நின்னது நீங்க."

அவர் காய்கறிக் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். வாங்க வந்த மீனை வாங்காமலே வீட்டுக்கு நடந்தேன்.