படுக்கவைத்துத் தூக்கிய நாள்

ஆண்டவரோடு நான் சண்டை பிடித்துக்கொண்டிருந்த நாளில்தான் அவர் எனக்குப் பதில் தந்தார். அன்பானவர்களே, அதை உங்களிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

போன நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. கண்டியில் எங்கள் டாக்டர் ஐயாவின் அடக்க ஆராதனை. பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் டிஸ்பென்சரியில் என்னை வேலைக்குச் சேர்த்து, ஊசி பிடிக்கவும் பயத்தை அடக்கவும் பழக்கியவர் அவர்தான். என் தகப்பனைவிட அவரிடம்தான் அதிகம் திட்டு வாங்கியிருக்கிறேன். எனக்குப் பதிலாள் கிடைக்காததால் நான் போக முடியவில்லை. "அவர் முகத்தைக்கூட எனக்குக் காட்டமாட்டீரா?" என்று அழுதுகொண்டே மருந்து அலுமாரியைத் துடைத்தேன். அதை ஜெபம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பத்து மணி இருக்கும்.

"மிஸ்! குளவி கொட்டிருச்சு மிஸ்!"

கொழுந்து பறிக்கப் போன செல்வியை, அவள் கணவன் சிவாவும் இன்னும் மூன்று பேரும் கதிரையில் உட்காரவைத்துத் தூக்கி வந்தார்கள். முகம் வீங்கிக் கண் மறைந்திருந்தது. உதடு நீலம். கொட்டிய இடமெல்லாம் சுண்ணாம்பு. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. மணிக்கட்டில் நாடியைப் பிடித்தேன், தட்டுப்படவே இல்லை.

உடனே தொடையில் அட்ரினலின் ஊசி போட்டேன். ஆனால் அது மட்டும் போதாது. குளவி கொட்டி நாடி விழுந்தவரைப் படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும், உட்காரவைத்தால் இதயமே நின்றுவிடும் என்பது ஐயா சொல்லித்தந்த பாடம். பாதை உடைந்து கிடந்ததால் அம்புலன்ஸ் மேல் ரோட்டில்தான் வந்து நிற்கும்.

"சிவா, கதிரைய விடுங்க. ஸ்ட்ரெச்சர்ல படுக்க வச்சுத் தூக்குங்க!"

"முடியாது மிஸ்! உசுரோட இருக்கிறவளப் பொணம் மாதிரி தூக்கச் சொல்றீங்களா?"

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இந்தப் பயம் பழையது. நோயாளியைக் கதிரையிலோ முதுகிலோதான் கொண்டுபோவார்கள். படுக்கவைத்துத் தூக்கினால் அந்த ஆள் திரும்பி வரமாட்டார் என்பார்கள்.

செல்வியின் தலை சரிந்தது. நான் கத்தினேன். திட்டினேன். யாரும் அசையவில்லை. சிவா கதிரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஆண்டவரே, ஐயாவையும் எடுத்துக்கிட்டீங்க. என் பேச்ச இவங்க கேக்க மாட்டாங்க. நீங்களே சொல்லுங்க!"

அவ்வளவுதான் என் ஜெபம். வாய்விட்டே கத்தினேன்.

கதிரையின் பின்காலைப் பிடித்திருந்த மாரிமுத்து அண்ணன் சட்டென்று நிமிர்ந்தார். "டேய் சிவா, டாக்டர் ஐயாவையே நாம படுக்க வச்சுத் தூக்கினோமேடா! மறந்துட்டியா?"

நானும்தான் மறந்திருந்தேன். பல வருஷத்துக்கு முன், இந்தப் பயத்தைப் போக்க ஐயா தானே ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்தார். "தூக்குங்கப்பா, சாகிறேனா பார்ப்போம்" என்றார். பெண்கள் ஐயோ ஐயோ என்று வாயில் அடித்துக்கொள்ள, லயத்தைச் சுற்றித் தூக்கிப்போனார்கள். அவ்வளவு பெரிய டாக்டர்! இறங்கியதும் காற்சட்டையைத் தட்டிவிட்டுத் தேத்தண்ணி கேட்டார்.

"அதுக்கப்புறம் எத்தன வருஷம் நல்லா இருந்தாரு! புடிடா!" என்றார் மாரிமுத்து அண்ணன்.

சிவா அழுதபடியே கையை எடுத்தான். படுக்கவைத்தோம். காலுக்குக் கீழே கொழுந்துச் சாக்கைச் சுருட்டி வைத்தேன். ஐந்து நிமிடம் போயும் நாடி இல்லை. இரண்டாவது ஊசி. விரலை எடுக்காமல் காத்திருந்தேன். மெல்ல, மிக மெல்ல, நாடி என் விரலில் துடித்தது. "இயேசுவே!" என்று விட்டேன் ஒரு சத்தம்.

மேட்டில் ஏறும்போது ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையை நானும் பிடித்தேன். ஏறக்குறைய அதே நேரத்தில்தான் கண்டியில் ஐயாவின் பெட்டியைத் தூக்கியிருக்கிறார்கள். ஆண்டவர்மேல் இருந்த கோபம் அந்த மேட்டிலேயே என்னை விட்டுப் போனது.

நான்காம் நாள் செல்வி நடந்து வீட்டுக்கு வந்தாள்.

அன்பானவர்களே, நல்ல வார்த்தை வரும்வரை காத்திருக்காதீர்கள். கோபமென்றால் கோபத்தோடேயே கேளுங்கள். நான் கேட்பதற்குப் பல வருஷம் முன்பே பதிலைப் படுக்கவைத்துத் தூக்கிக் காட்டியிருந்தவர் ஆண்டவர்.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஸ்ட்ரெச்சரில் படுக்கிறேன். லயத்தைச் சுற்றித் தூக்கிப்போகிறார்கள். "மிஸ் ரொம்ப கனம்" என்று முணுமுணுத்துக்கொண்டு முன்பக்கம் பிடிப்பவன் சிவா.