எள்ளளவாகிப் போன தையல்

முதலில் நான் குறை சொன்னது கத்தரிக்கோலை. மலேசியாவில், கூலாயில் இருபத்தாறு வருடமாக ரவிக்கை தைக்கிறேன். துணி பிசிறடித்தால் கோளாறு கத்தரிக்கோலில்தான் என்று எனக்கு முடிவு. மூன்று முறை சாணை பிடித்தாயிற்று. நான்காவது முறை சாணைக்காரர், "இது நல்லாத்தான் இருக்கு அக்கா. உங்க கைக்கு என்ன ஆச்சு?" என்றார். சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். மடியில் கிடந்த வலது கட்டைவிரல் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

அதற்கு முன்பே என்னிடம் இன்னொரு கோளாறு இருந்தது. அதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்திருந்தோம். மகள் தேவிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, ரவிக்கை வெட்டி மிஞ்சிய துண்டுகளை இணைத்து ஒரு போர்வை தொடங்கினேன். மேலே துண்டுகள், நடுவில் பஞ்சு, அடியில் பருத்தித் துணி. மூன்றையும் சேர்த்துக் கையால் ஓட்டுத்தையல் போட வேண்டும். கல்யாணம் முடிந்தது. போர்வை பாதியிலேயே பைக்குள் கிடந்தது. அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தபோதும் அதே பைதான். எப்போதாவது எடுத்து ஒரு வரிசை போடுவேன்; மற்றபடி "நாளைக்கு, நாளைக்கு" என்று மூன்று வருடம் ஓட்டியிருக்கிறேன்.

"ஊரு பொம்பளைங்களுக்கு தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடியே தச்சுக் குடுக்கிற. பெத்த பொண்ணுக்குன்னா மட்டும் கை ஓடாதா லா?" என்பார் என் கணவர். பக்கத்து ஊரான சினாயில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஜொகூர் பாரு மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் என் தேவி வயதுப் பெண். விரல்களைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார். பிறகு ஒரு தாளில் பெயரும் முகவரியும் எழுதச் சொன்னார். மூன்றாவது வரியில் எழுத்து எறும்பாகிவிட்டது.

"இது பார்க்கின்சன் மாதிரிதான் தெரியுதும்மா." (மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் குறைந்து, உடலின் அசைவு மெதுவாகும் நோய்.) "எழுத்து சின்னதாகிட்டே போறதும் இதோட அடையாளம்தான். எதையும் தொடங்கவே மனசு வராம இருந்துச்சா?"

கூட வந்திருந்த என் கணவர்தான் பேசினார். "சோம்பல்னு நெனச்சோமே டாக்டர்."

"சில பேருக்கு அதுவும் இந்த நோயோட சேர்ந்ததுதான் அங்கிள். கை நடுங்கறதுக்கு ரொம்ப முன்னாடியே வரலாம்."

வீட்டுக்கு வந்ததும் பையை உதறினேன். போர்வையின் முதல் வரிசையில் ஒவ்வொரு தையலும் அரிசியளவு. நான்காவதில் பாதி அரிசி. கடைசி வரிசையில் எள்ளளவு. நோய் வந்து ஆறு மாதம்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேனே! மூன்று வருடமாக என் கையாலேயே அதைத் தைத்து வைத்திருக்கிறேன். அடிப்பாவி, கண்ணை எங்கே வைத்திருந்தாய் என்று வாய்விட்டுக் கத்தினேன். அவர் அந்த வரிசைகளை விரலால் தடவிப் பார்த்தார். "உன்ன என்னென்னமோ பேசிட்டேனே," என்று அழுதார்.

தேவியிடம் கைவலி என்று மட்டும் சொன்னேன். பிள்ளை பிறக்கட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

இதே நோயோடு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மாத்திரை என் கையை இளக்கியது. மனதை முழுசாக எழுப்பவில்லை. மனசு வரட்டும் என்று இரண்டு வாரம் காத்திருந்தேன். வரவில்லை. சரி, நீ வராவிட்டால் போ என்று விட்டுவிட்டேன். பத்து மணிக்கு மாத்திரை. பத்தே முக்காலுக்குக் கை இளகும். ஒரு மணி வரை அது என்னுடையது. அவர் வேலைக்குப் போகுமுன் பத்து ஊசியில் நூல் கோத்து வைத்துவிட்டுப் போவார். பத்தும் தீர்ந்தால் அன்றைக்குப் போதும். சில நாள் மூன்றுதான் தீரும். எள்ளுத் தையலை நான் பிரிக்கவில்லை.

பிள்ளை மூன்று வாரம் முந்திக்கொண்டான். போர்வையில் ஒரு பக்க ஓரம் பாக்கி. தேவி அவனோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். மறுநாள் காலை அவனைப் போர்வையின் நடுவில் கிடத்தி, குளிக்கப் போனாள். நான் பக்கத்தில் இருந்தேன். அவன் முகவாய் வெடவெடத்தது. பிறகு இரண்டு கையும் நடுங்கின.

"ஐயோ, தேவி! ஓடி வாடி!"

ஈரத் தலையோடு ஓடி வந்தாள். பார்த்ததும் சிரித்துவிட்டாள். "அலமாக், பயந்தே போய்ட்டேன். பிறந்த பிள்ளைங்க இப்படித்தான்மா நடுங்கும். டாக்டரே பாத்துட்டாங்க. கொஞ்ச நாள்ல தானா நின்னுடும்."

அவன் கைக்குப் பக்கத்தில் என் வலது கையை வைத்தேன். இரண்டும் நடுங்கின.

"எனக்கு நிக்காது, தேவி," என்றேன்.

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. என் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். எள்ளுத் தையலையும் காட்டினேன்.

சொல்லி முடித்தபோது மணி பத்து நாற்பது. இன்னும் ஐந்து நிமிடத்தில் என் கை எனக்கு வரும். தேவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். நான் முதல் ஊசியை எடுத்தேன்.