மழை கேக்குது

இடது கைச் சுண்டுவிரலில் தொடங்கி, கட்டைவிரல், மணிக்கட்டு, முழங்கை, தோள், கழுத்து, காது, கண் என்று தன் மேலேயே தொட்டுக்கொண்டு போய் மூக்கு நுனியில் விரலை வைத்தார் முத்துச்செல்வம். கேட்ட பன்னிரண்டு பைப் எல்போவும் எண்ணியாகிவிட்டது. "கொசு கடிக்கா அண்ணாச்சி?" என்றான் கடைக்குப் புதிதான பிளம்பர். "எண்ணுதேன்டே" என்றார் இவர். எண்ணிக்கை தப்பி அதுவரை நான் பார்த்ததில்லை.

மில்லர்புரத்தில் பைப்பும் பெயிண்டும் விற்கும் இந்தச் சாத்தான்குளத்துக்காரர், பாப்புவா நியூகினியில் ஆற்றங்கரையில் மரம் வெட்டும் முகாம் ஒன்றில் பதினொரு வருடம் ஸ்டோர் பார்த்தவர். அங்கே வெட்டிய மரம் நம் துறைமுகத்துக்குக் கப்பலேறி வந்தது. இவர் திரும்பும்போது கொண்டுவந்தது ஒரு மொழியை, உடம்பைத் தொட்டு எண்ணும் அதன் கணக்கோடு. மூன்று குக்கிராமங்கள், முந்நூறு பேர். அதைப் பேசுகிறவர்கள் அவ்வளவுதான். மொழிக்குப் பெயர் என்ன என்றால், "'எங்க பேச்சு'ன்னுதான் சொல்லுவாவ. மத்ததெல்லாம் அடுத்தவன் வைக்கிற பேரு" என்கிறார்.

அதில் 'ச' இல்லை, 'ல' இல்லை. "முத்துவ மட்டும் எடுத்துக்கிட்டு செல்வத்த வெளியவே நிறுத்திட்டாவ" என்று சிரிப்பார். தமிழைப் போலவே வினை கடைசியில்தான் வரும். ஆனால் அந்த வினைக்கு ஒரு வால் உண்டு. கண்ணால் பார்த்ததற்கு ஒரு வால், காதால் கேட்டதற்கு வேறொன்று. வால் இல்லாமல் பேசுகிறவனை அங்கே யாரும் நம்பமாட்டார்களாம். அந்தப் பழக்கம் இவருடைய தமிழிலும் ஒட்டிக்கொண்டது. கடைக்குப் பின்னால்தான் வீடு. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் படபடவென்று அடிக்கும்போது மனைவி இசக்கித்தாய் "மழையா?" என்று கேட்டால், "மழை கேக்குது" என்பார். படியிறங்கி நனைந்துவிட்டு வந்த பிறகுதான் "பெய்யுது." "ஆமா, இவரு சர்டிபிகேட் குடுத்தாத்தான் துணி எடுக்கணும்" என்று அந்த அம்மாள் கொடியை நோக்கி ஓடுவார்.

தினமும் கடை திறந்ததும் ஐந்து சொற்களைச் சொல்லி வாட்ஸப்பில் குரல் அனுப்புவார். மறுமுனையில் ஈவோ. முகாமில் வெட்டிய மரங்களுக்குப் பெயிண்டால் எண் போட்டவர், இவர் வயதுக்காரர். அவர் ஊரில் குன்றேறினால்தான் சிக்னல். வாரத்துக்கு ஒருமுறை ஏறி, வந்த சொற்களில் பாதியைத் திருத்தி, கூடவே ஒரு பெரிய சிரிப்பையும் சேர்த்து அனுப்புவார். திருத்தியதை இவர் ரூல் போட்ட நோட்டில் எழுதிக்கொள்வார். எனக்கும் போட்டுக் காட்டியிருக்கிறார். பேச்சு ஒன்றும் புரியவில்லை; அந்தச் சிரிப்பு மட்டும் பிடித்துப்போனது. ஈவோ என்றால் மழை என்று அர்த்தமாம். அடைமழையில் பிறந்த ஆள்.

"அங்கன ஒருத்தர் செத்துட்டா, வருசம் திரும்புத வரைக்கும் அவரு பேரச் சொல்லமாட்டாவ. பேருக்கு என்ன அர்த்தமோ அந்தச் சொல்லையும் சேத்தே விட்டுருவாவ. சுத்தி வளச்சு வேற எதையாவது சொல்லிக்கிடுவாவ" என்றார் ஒருமுறை.

"அப்போ ஈவோ போயிட்டா மழைய என்ன சொல்லுவாங்க?" என்று விளையாட்டாகக் கேட்டுவைத்தேன்.

"வாயக் கழுவும்வே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஐப்பசியில் ஈவோவுக்குக் காய்ச்சல் கண்டது. படகில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்று அவர் மகள் சொல்லி அனுப்பினாள். பிறகு மூன்று வாரம் ஒரு சத்தமும் இல்லை. இவர் ஐந்து சொல் அனுப்புவதை நிறுத்தவில்லை. ஒவ்வொன்றும் ஒற்றை டிக்கோடு நின்றது. பைப் எண்ணும்போது காது வரைக்கும் போய்விட்டு, எங்கே விட்டோம் என்று தெரியாமல் மறுபடி சுண்டுவிரலுக்கு வந்தார்.

நேற்று சாயங்காலம் குழாய்க்கு ஒரு வாஷர் வாங்கப் போயிருந்தேன். போன் சத்தம் கேட்டது. மகளின் குரல், அரை நிமிடம்தான். கேட்டுவிட்டு மறுபடியும் ஒருதரம் கேட்டார்.

"என்ன சொல்லுதா அண்ணாச்சி?"

"பாதையெல்லாம் சேறு, அதான் குன்றேறி வர இத்தன நாள் ஆயிட்டுன்னு சொல்லுதா." ரூல் போட்ட நோட்டைத் திறந்தார். "'மேல இருந்து விழுதது நிக்கவே இல்ல'ன்னு சொல்லுதா. மழைன்னு சொல்லல, பாத்தீரா."

அப்பாவைப் பற்றி அந்தப் பெண் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இவருக்கு விஷயம் தெரிய அதுவே போதுமாக இருந்தது. நோட்டை மூடி இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்துக்கொண்டார்.

வாஷரை வாங்காமலே அங்கே உட்கார்ந்திருந்தேன். இருட்டிக்கொண்டு வந்து, கூரையில் படபடவென்று அடிக்கத் தொடங்கியது. உள்ளேயிருந்து இசக்கித்தாய், "ஏங்க, மழையா?" என்றார்.

முத்துச்செல்வம் படியிறங்கித் தெருவில் நின்றார். தலையும் சட்டையும் நனைந்தன. திரும்பி வந்து, ஒன்றும் சொல்லாமல், ஈரக் கையை மனைவி முன்னால் விரித்துக் காட்டினார்.