செல்வநாயகியம்மா சொன்ன பெயர்

வயதான பெண்களின் வாழ்க்கைக் கதைகளை அவர்கள் குரலிலேயே பதிந்து சேர்ப்பது என் வேலை. நீர்வேலிச் செல்வநாயகியம்மாவிடம் போனபோது, நான் பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு.

அச்சுவேலியில் பிறந்து, வாழைத்தோட்டக்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். தொண்ணூற்றைந்தில் போருக்குப் பயந்து எல்லோரும் தென்மராட்சிக்கு ஓடியபோது, பதற்றத்தில் அம்மியை விட்டுவிட்டுக் குழவியை மட்டும் சுமந்து போனாராம். "அங்கை போய் ஆரின்ரை அம்மியிலை அரைக்கிறது?" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். திரும்பி வந்து, காய்ந்து கிடந்த தோட்டத்தில் வாழைக்குட்டி நட்டு, குலை வெட்டி, பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தையில் விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கினார்.

அவ்வளவு கதையிலும் கணவர் பெயர் வரவில்லை. "இவர்", "பெடியளின்ரை அப்பா", அவ்வளவுதான். பெயரை வாயால் சொன்னால் கணவரின் ஆயுள் குறையும் என்ற பயம் அவர் வயதுப் பெண்களுக்கு உண்டு. எனக்குத் தெரியாததா? தெரிந்தும் விட்டேனா!

"ஒருக்காச் சொல்லுங்கோ அம்மா. உதுகளை இப்ப ஆர் பாக்கினம்?"

சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். பிறகு சட்டென்று, "ஆழ்வாப்பிள்ளை!" என்றார்.

கிணற்றடியில் நின்ற கிழவர், "ஓம்!" என்று குரல் கொடுத்தார். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அடுத்த மாதம் கிழவர் மாரடைப்பில் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்தபின் போனேன். படலையைத் திறக்கவே கை கூசியது.

"நான்தான் பிள்ளை அவரை விழுங்கிப்போட்டன். உந்தப் பதிவை முழுக்க அழிச்சுப்போடு."

"ஐயோ, அப்பிடிச் சொல்லாதேங்கோ அம்மா. அவருக்கு முந்தியே நெஞ்சு வருத்தம் இருந்ததல்லே?"

அது அவர் காதில் ஏறவில்லை. சொல்ல வைத்தவள் நான். எந்த முகத்தோடு மறுப்பது? அழிக்குமுன் ஒருமுறை கேளுங்கள் என்று என் போனில் போட்டுக் காட்டினேன். பெயர் வந்தது. பிறகு அந்த "ஓம்!"

போனைப் பறித்துக் காதோடு வைத்துக்கொண்டார். திரும்பப் போடச் சொன்னார். திரும்பவும்.

"இதை அழிச்சுப்போடாதை. என்ரை கதையை அழிச்சுப்போடு, அதாலைதான் வந்தது எல்லாம். அவரின்ரை 'ஓம்' மட்டும் எனக்கு இருக்கட்டும்."

அப்படியே செய்தேன். குழவி சுமந்த கதையை நான் என் வாயால் சொல்லலாம். அந்தச் சிரிப்பை இனி எங்கே போய் எடுப்பேன்?

மகள் வாங்கிக் கொடுத்த போனில் போட்டு நெடுகக் கேட்கிறாராம். தான் சொன்ன பெயரையும் வெட்டச் சொன்னார், வெட்டிவிட்டேன். இப்போது யாரும் கூப்பிடாமலே ஆழ்வாப்பிள்ளை "ஓம்" என்கிறார்.