படித்து முடித்த புத்தகம்

எனக்குப் பிடித்த படங்கள் எல்லாவற்றிலும் ஒருத்தி தனியாக இருப்பாள். வெளியே மழை பெய்யும். அடுப்பில் ஏதோ கொதிக்கும். அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். ஜப்பான்காரர்கள் வரைந்து எடுக்கிற அனிமே படங்களை நான் தேடித் தேடிப் பார்ப்பதும் அதற்காகத்தான். பள்ளி விட்டு வந்தவள் நனைந்த சாக்ஸைக் கழற்றிக் காயப்போடுவதைக்கூட அவற்றில் அவசரமில்லாமல் காட்டுவார்கள். என் புத்தகங்களும் அதே ரகம். அந்தப் படங்களுக்கெல்லாம் என் கணவர் வைத்திருக்கும் பெயர் பொம்மைப் படம். "கதையே நகர மாட்டேங்குதே" என்பார், ரிமோட்டைப் பிடுங்கிக்கொள்வார்.

இந்த ரசனை எங்கிருந்து வந்தது என்று ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். நாங்கள் இருப்பது அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி. வீட்டின் முன்னறைதான் கடை. விபூதி, குங்குமம், கற்பூரம், தண்ணீர் பாட்டில். பௌர்ணமி என்றால் பாத்ரூம் கேட்டு வருகிறவர்கள்கூட நடுவீட்டைத் தாண்டித்தான் போவார்கள். எனக்கென்று அந்த வீட்டில் இருந்தது கதவு வைத்த ஒரு சின்ன அலமாரி, அதில் என் புத்தகங்கள்.

போன பௌர்ணமியன்று டவுனில் ஆபீஸ் முடிந்து வந்தேன். கடையில் மாமியார் விபூதிப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். மடியில் அட்டை கிழிந்த என் நாவல். மலை வீட்டில் ஒருத்தி தனியாகக் குளிர்காலத்தைக் கழிக்கிற கதை. மனசு சரியில்லாத போதெல்லாம் நான் எடுத்துப் படிப்பது. பாதிக்கு மேல் பொட்டலமாகிவிட்டிருந்தது.

"என்ன அத்தை பண்றீங்க?"

"பேப்பர் தீந்துடுச்சும்மா. நியூஸ் பேப்பர்ல கண்ணீர் அஞ்சலி படமா இருக்குது, அதுல போய் சாமி விபூதி மடிக்கலாமா? இது சுத்தமா இருந்துச்சு. நீதான் படிச்சு முடிச்சுட்டியே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவர்கள் படத்துக்கு அவ்வளவு யோசித்தவருக்கு, உயிரோடு இருக்கிற என்னை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

பக்கத்தில் தண்ணீர் பாட்டில் அடுக்கிக்கொண்டிருந்த கணவரிடம் சொன்னேன். "சாமி காரியத்துக்குத்தான போச்சு, வுடு. வேற வாங்கிக்கலாம்" என்றார். இந்த ஊரில் இதுதான் கொடுமை. சாமி பேரைச் சொல்லிவிட்டால் போதும், கோபப்பட்டவள்தான் குற்றவாளி. வேறு வாங்கலாம், எனக்கும் தெரியும். நான் பென்சிலால் கோடு போட்ட வரிகள் அதில் இருக்குமா? அதைக்கூட விட்டுவிடலாம். கேட்காமல் எடுத்தது தப்பு என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"உங்க கல்யாணப் பட்டுப்புடவையயும்தான் கட்டி முடிச்சுட்டீங்க. கொடுங்க அத்தை, கடைய தொடைக்கலாம்" என்றேன்.

விபூதி வாங்க நின்றவர்கள் என்னையே பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மறுநாள் அலமாரிக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன். "வூட்டுக்குள்ளயே பூட்டா? நாங்க என்ன திருடங்களா?" என்று கேட்டார் மாமியார். கண் கலங்கியிருந்தது. பாவமாகத்தான் இருந்தது. பூட்டைக் கழற்றவில்லை.

சாவியை எங்கே வைப்பது என்று யோசித்தேன். சமையலறை டப்பா, கைப்பை, தலையணைக்கு அடி, எங்கே வைத்தாலும் யாராவது எடுப்பார்கள். இந்த வீட்டில் என்னைக் கேட்காமல் யாரும் கை வைக்கத் துணியாத இடம் ஒன்றே ஒன்றுதான். தாலிச் சரட்டில், ஊக்குகளோடு சேர்த்துக் கோத்துக்கொண்டேன்.