எடிட்டர் அம்மா கேட்ட ஆடு

போன கிழமை கொழும்பிலிருந்து என் நாவல் திரும்பி வந்தது. பரந்தன் சந்தியில் பஸ் கண்டக்டர் நீட்டிய பார்சலை இரண்டு கையாலும் வாங்கி அணைத்துக்கொண்டேன். மூன்று வருட உழைப்பு அல்லவா?

சண்டை நின்று, கொழும்புக்குப் பாதை திறந்த கையோடு அதை ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பியிருந்தேன். அங்கே பிரதிகளைச் செம்மைப்படுத்துவதையே தொழிலாகக் கொண்ட எடிட்டர் அம்மா ஒருவர் இருக்கிறார்.

நாவல் என்ன? லண்டன் பனியில் ஓர் எஞ்சினியர் காதலில் உருகும் கதை. நான் பனியைப் பார்த்தது கிளிநொச்சி ஐஸ்கிரீம் கடைப் பெட்டிக்குள் மட்டும்தான்... அதனால் என்ன, கற்பனை என்று ஒன்று இருக்கிறதே!

உள்ளே ஒரு கடிதம். “எஞ்சினியர் வரும் பகுதிகளை முழுதாக நீக்கலாம்.” சரி, நெஞ்சில் ஒரு குத்து. அடுத்தது? “தொலைந்த ஆட்டைத் தேடும் பெண் என்னை நித்திரைகொள்ள விடவில்லை. ஆடு கிடைத்ததா? கூரைத் தகரம் கேட்டு ஏழாவது தடவை எழுதும் பெரியவரையும் விரிவாக எழுதுங்கள். இவர்களுக்காகவே அச்சிட விரும்புகிறோம்.”

ஆடா? லண்டனிலா?

என் நாவலில் ஒரு பூனைகூட இல்லை. பிரதி மாறிவிட்டதோ? இல்லையே, கையெழுத்து என்னுடையது. காய்ச்சலில் எழுதினேனோ? நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கதிரையில் இருந்தேன், எழும்பினேன், மறுபடி இருந்தேன். நான் முற்றத்தில் நின்று ஆட்டைத் தேடியதாக என் மனைவி இன்றுவரை சொல்கிறாள். மறுக்கத் தெம்பில்லை.

கடைசியில் அவள்தான் ஒரு தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்களுக்குத் தாள் ஏது? மறுபக்கம் காலியான தாள் என்றால் அது சொத்து. அயலில் எழுதத் தெரியாதவர்களுக்கெல்லாம் கிராம அலுவலரான விதானையாருக்கும் மாவட்ட அலுவலகமான கச்சேரிக்கும் கடிதம் எழுதிக் கொடுப்பவள் என் மனைவி. நல்ல பிரதி கந்தோருக்குப் போய்விடும்; அடித்துத் திருத்திய பிரதி வீட்டில் கிடக்கும். அதன் முதுகில்தான் என் எஞ்சினியர் உலாவினார். எடிட்டர் அம்மாவோ இரண்டு பக்கத்தையும் ஒரே நாவலாக வாசித்துவிட்டார். இரண்டு கையெழுத்தைப் புதுமையான உத்தி என்று பாராட்டியும் இருந்தார்!

எழுதுகிறவன் தன் பக்கத்தை மட்டும்தான் பார்ப்பான் போலும்.

ஒரு கள்ள யோசனை வந்தது. ஆட்டையும் தகரத்தையும் நானே விரித்து, என் பெயரில் அனுப்பிவிட்டால்... யாருக்குத் தெரியும்? நாவல் அச்சாகுமே!

“உம்மட பக்கத்தைத்தான் அச்சடிக்கப் போகினமாம்” என்றேன், பாதி பகிடியாக.

அவள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். “ஆடு கிடைக்கேல்லையப்பா. அந்த அக்கா இன்னும் தேடித் திரியிறா” என்றாள். “எழுதிறதெண்டால் அவையளிட்டைக் கேட்டுத்தான் எழுதோணும். அதையும் நான்தான் எழுதோணும். உங்கட ஆள் பனிக்குள்ளையே நிக்கட்டும்.”

சைக்கிளை எடுத்துக்கொண்டு கண்டாவளைக்குப் போய்விட்டாள், ஆட்டுக்கார அக்காவைக் கேட்க. நான் எடிட்டர் அம்மாவுக்கு உண்மையை எழுதி அனுப்பினேன்.

பத்திரிகைக்கு எழுதிய இந்தப் பத்தியையும் மனைவியிடம் காட்டினேன். கடைசிப் பந்தி தேவையில்லை என்று வெட்டிவிட்டாள்.